பெதஸ்தாவில் பதினோரு நாற்காலி

மழையில் கற்பலகைக் கூரைகள் கறுத்துக் கிடக்கும்
வட வேல்ஸில் ஒரு குவாரி ஊர்.
பெயர் பெதஸ்தா.
வேதத்தில் அது ஒரு குளம்:
ஐந்து மண்டபம் நிறையப் பிணியாளிகள்,
தண்ணீர் எப்போது கலங்குமென்று கண் விழித்தபடி.
கலங்கியதும் முதலில் இறங்குகிறவனுக்கு மட்டும் சுகம்.
இரண்டாவதாக இறங்கியவனைப் பற்றி
வேதம் ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே குளம் கிடையாது.
சிற்றாலயத்தின் பின்னறை இருக்கிறது,
ஒழுகும் கூரை, ஒரு வாளி, உறுமும் ஹீட்டர்.
செவ்வாய் மாலை ஆறரைக்கு
அங்கே நாற்காலி போடுகிறவன் நான்.
முப்பத்தோரு வருஷம் கல் பிளந்தவன்.
தூசி போன வழியில்தான்
எக்ஸ்ரேயில் அந்த வெள்ளைப் புள்ளி.

டெக்வென் பேருந்து ஓட்டியவள்.
இன்றைக்கும் அறைக்குள் நுழைந்ததும்
இடப்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள்,
யாராவது ஏறுகிறார்களா என்று.
அந்தப் பக்கத்தில் மார்பு இல்லை.
சட்டை தொங்கும், இழுத்து மூடமாட்டாள்.

"மூச்சைத் துரத்தாதீர்கள்" என்பாள்.
"நிறுத்தத்தில் நிற்கிறவனை
வண்டியோட்டி வீட்டுக்குப் போயா கூப்பிடுவாள்?
நின்றால் போதும். ஏறிக்கொள்வான்."

எனக்கு முதல் மூன்று வாரம்
முதுகு வலித்தது, அவ்வளவுதான்.
நான்காவது வாரம் ஸ்கேனுக்கு முந்தின இரவு
தூங்கிவிட்டேன்.
மனைவி பயந்து எழுப்பினாள்,
செத்துவிட்டேனோ என்று.

மென்னா மார்ச்சில் வந்தாள்.
தபால் நிலையத்தில் தலை எண்ணி, முத்திரை எண்ணிப் பழகியவள்,
எதையும் கணக்கில் வைப்பாள்.
காலை நாற்பது நிமிடம், மாலை நாற்பது.
சர்க்கரை இல்லை, இறைச்சி இல்லை,
மகனின் பிறந்தநாள் கேக்கில் ஒரு விரல் கிரீம்கூட இல்லை.
கேரட் சாறு குடித்துக் குடித்து
உள்ளங்கை மஞ்சளாகிவிட்டது.
எல்லாவற்றையும் நீல நோட்டில் எழுதினாள்.

அக்டோபரில் அடக்கம் செய்தோம்.

கல்லறை வாசலில், காற்றில் குடை புரண்டுகொள்ள,
மகன் ஓவைன் அந்த நோட்டை நீட்டினான்.
"எந்த நாளில் தப்பு செய்தாள்?
பார்த்துச் சொல்லுங்கள்."

டெக்வென் நோட்டை வாங்கினாள்.
கடைசிப் பக்கம் வரை, மழையில் நின்றே, புரட்டினாள்.
"ஒரு நாளும் இல்லை" என்றாள்.
அவன் அதை எதிர்பார்க்கவில்லை.
எதிர்பார்த்தது வேறு ஏதோ,
கோபித்துக்கொள்ளத் தோதான ஒன்று.

அடுத்த செவ்வாய்
நான் கதவைத் திறந்தபோது அவள் முன்னமே உள்ளே,
ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தாள்.
பல வருஷமாய்ச் சுவரில் இருந்த சுவரொட்டி:
அவள் சிரிப்பு, பின்னால் மலை,
கீழே பெரிய எழுத்தில் 'நான் வென்றேன்'.
பிய்ப்பாள் என்று நினைத்தேன்.
பிய்க்கவில்லை.
பழைய பயணச்சீட்டுப் பேனாவால் கீழே எழுதினாள்:

*ஆறு தடவை கீமோ, பாங்கர் மருத்துவமனை.
அறுவை ஒன்று.
அதிர்ஷ்டம், எவ்வளவென்று தெரியாது.
தியானம், தினமும்.*

கொஞ்சம் யோசித்து,
'வென்றேன்' என்பதை அடித்துவிட்டு
'இருக்கிறேன்' என்று மாற்றினாள்.
எழுத்து கோணல். ஸ்டூலை நான்தான் பிடித்திருந்தேன்.

"இதை முன்பே போட்டிருக்கலாமே?"
"கூட்டம் வராதென்று நினைத்தேன்" என்றாள்.

வந்தார்கள். பத்துப் பேர்.
பழக்கத்தில் பதினொன்று போட்டுவிட்டேன்.
எடுக்கப் போனவனை அவள் பார்வை நிறுத்தியது,
பிறகு அவளே அதில்
தன் ஈரக் கோட்டைக் காயப்போட்டாள்.

அன்று மணி அடிக்க மறந்தாள்.
ஹீட்டர் தானாக அணைந்தது.
யாருக்கோ வயிறு கூவியது, யாரோ சிரித்தார்கள்,
சிரிப்பும் அடங்கியது.
இங்கே தண்ணீர் தெளிய வேண்டும் என்பதுதான் அவள் பாடம்.

கூரையிலிருந்து ஒரு சொட்டு.
வாளியில் தண்ணீர் கலங்கிற்று.
எல்லோருக்கும் கேட்டது.
ஒருவரும் எழுந்து ஓடவில்லை.